மாமரத்தைச் சுற்றி மூன்றடி மண்

அம்பத்தூர் பக்கம் வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை பெட்ரூம் வரும் என்பது அல்ல. "ரோட்டுலேர்ந்து எவ்ளோ ஏத்தணும் மேடம்?" என்பதுதான். ஏரிகளுக்கு நடுவே ஊரைக் கட்டிவிட்டோம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கட்டில் மேல் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டையை வைத்து மழை நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. அதனால் மனை வாங்கியதும் முதல் வேலை, லோடு லோடாகச் சவுடு மண்ணும் இடித்த கட்டடக் குப்பையும் கொட்டி மேடாக்குவது. பூமி பூஜைக்கு முன்பே மண் வந்துவிடும். நானும் கட்டடக்கலை படித்துவிட்டு வந்து இருபது வருஷமாக எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்: மூன்றடி ஏற்றிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த மூன்றடியால் நான் ஒரு மாமரத்தைக் கொன்றேன். அதோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பழியைக் கொண்டுபோய் இன்னொருத்தர் தலையில் கட்டினேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

அந்த மரத்துக்குச் சொந்தக்காரத் தம்பதி ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்தவர்கள். கணவர் ஃபிட்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ரிட்டையர் ஆனவர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் அவரை சார் என்றும், அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரே பெண், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். குவார்ட்டர்ஸில் வீடு சின்னதாக இருந்தாலும் சுற்றி மரங்கள் நிறைய. காலையில் குயில் சத்தத்தில் எழுந்தே பழகியவர்கள். ரிட்டையர் ஆகி வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் மொட்டை மனைகள்தான். கடைசியில் கள்ளிக்குப்பத்தில் ஒரு மனை அமைந்தது. பழைய விவசாயக் குடும்பம் ஒன்று தோப்பைத் துண்டு துண்டாக விற்றதில் மிஞ்சிய கடைசித் துண்டு. நட்ட நடுவில் ஒரு மாமரம். புரோக்கர், "மரத்த வெட்டி கிளீனா குட்த்துடறேன் சார்" என்றாராம். "மரத்துக்காகத்தான்யா மனையே வாங்குதேன், நீ ஒண்ணு" என்று சார் கத்தியிருக்கிறார்.

என்னைப் பார்க்க வந்தபோது அவர் கையில் ஒரு கிராஃப் தாள் இருந்தது. மரத்தை அதில் வரைந்திருந்தார். அடிமரத்தின் சுற்றளவு, ஒவ்வொரு பெரிய கிளையும் எந்தத் திசையில் எத்தனை அடி போகிறது, தரையிலிருந்து எத்தனை உயரத்தில் பிரிகிறது, எல்லாம் பென்சிலால், துல்லியமாக. வாழ்நாள் முழுவதும் இரும்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த கை. "ஒரு கிளைகூடப் போகக்கூடாது. அதுக்குத் தக்கன வீட்டைப் போடுங்க. ஒரு ரூம் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மெதுவாக, "சமையக்கட்டு ஜன்னல் மரத்தைப் பாத்து இருக்கட்டும்மா" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் தீப்பெட்டி அடுக்குகிற மாதிரி வீடு போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தேன். இப்படி ஒரு ஆள் வருவாரா என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன்! முகப்பேரிலிருந்து காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுப் பார்த்தேன். காற்றடிக்கும் நாளில் கிளை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, மேல்தளத்தில் கிளை நுழைந்து போகும் இடத்தில் அதற்கு மேலும் ஒரு முழம் இடைவெளி விட்டேன். ஒரு தூண் வேர் மேல் விழுந்தது. அதை நகர்த்தி, பீமை நீட்டிக்கொண்டேன். அஸ்திவாரத்துக்கு இயந்திரம் வேண்டாம், கடப்பாரையால் தோண்டுங்கள் என்று மேஸ்திரியின் உயிரை எடுத்தேன். "ஒரு வேரைக்கூட வெட்டல, தெரியுமா?" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

முதல் வரைபடத்தில் மரம் பழைய தரையிலேயேதான் இருந்தது. சுற்றியுள்ள வீடு மூன்றடி ஏறும். நடுமுற்றம் மட்டும் ஏறாது. ஐந்து படி இறங்கி மரத்தடிக்குப் போக வேண்டும். மழைநீர் வெளியேற ஒரு குழாயும் போட்டிருந்தேன். சரியான வரைபடம் அது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது முற்றம் எனக்குத் தொட்டி மாதிரி தெரிந்தது. பள்ளத்தில் நிற்கிற மரம். போட்டோவில் எடுபடாது. அதற்குப் பதில் கூடத்தின் கிரானைட் தரையை அப்படியே மரம் வரை கொண்டுபோனால்? படி இல்லை, தடுப்பு இல்லை, வழவழப்பான தரையைப் பிளந்துகொண்டு அடிமரம் மேலே போகும். ஆஹா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிகளை அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

மேலாக உள்ள மண்ணில்தான் மரத்தின் வேர் மூச்சு விடுகிறது என்பது எனக்குத் தெரியாதா என்ன? கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு வேரைக்கூட வெட்டாதவள் அல்லவா நான்! அந்தத் திமிரில் வேருக்கு மேல் என்ன போடுகிறோம் என்பது கண்ணிலேயே படவில்லை. இல்லை, அதுவும் பொய். பட்டது. படாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஏனென்றால் மண் கொட்டிய அன்று ஒருவர் என்னிடம் கேட்டார். பொக்லைன் ஓட்ட வந்தவர். சுற்றிலும் நிரப்பிவிட்டு மரத்துக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"மேடம், மரத்தாண்டயும் தள்ளிடவா? இல்ல, சுத்தி வளையம் மாரி உட்டுட்டுப் பூடவா?"

"ஃபுல்லா போடுங்கண்ணா."

"இடுப்பு வரிக்கும் பூடுமே மேடம். பாத்தியா, இந்த ஒசரம் வரும்" என்று கையால் காட்டினார்.

"பிளான்ல அப்படித்தான் இருக்கு. உங்க வேலையைப் பாருங்க."

"நமக்கு இன்னா? நீ சொன்னா தள்றேன். அப்பால என்னிய கேக்காத" என்று சொல்லி மண்ணைத் தள்ளினார். வெயில், தாகம், வேறு சைட்டிலிருந்து விடாமல் போன். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. மண்ணை இடித்து இறுக்கி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் கிரானைட் பதித்தோம். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டு, அதில் வெள்ளைக் கூழாங்கல் நிரப்பினேன். கூழாங்கல்லை நானே பொறுக்கி வாங்கினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சார் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய், மேல்தளத்தில் கிளை நுழையும் இடத்தைக் காட்டினார். "இந்த இடைவெளியைப் பாத்தீயளா? காத்துக்கு ஆட இடம் விட்டுருக்காங்க மேடம்" என்பார். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, என் கையில் கேசரித் தட்டைக் கொடுத்து, "இங்க நின்னா கை தன்னால வேலை செய்யும்மா" என்றார். கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்றில் அந்த வீட்டின் படம் வந்தது. அடுத்த தை மாசியில் மரம் பூத்தது பாருங்கள், இலையே தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் எந்த மாமரமும் அப்படிப் பூக்கவில்லை. நான் வீடியோ எடுத்துப் போட்டேன். மரத்தோடு பேசத் தெரிந்தவர் என்று யாரோ எழுதியிருந்தார்கள். சாகப்போகிற மரம் சில சமயம் இருப்பதையெல்லாம் கொட்டிப் பூத்துத் தீர்த்துவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அந்தப் பாராட்டை இரண்டு மூன்று தடவை திறந்து படித்துச் சிரித்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

அதற்கு அடுத்த வருஷம் கோடையில் சார் போன் செய்தார். "மேடம், மரம் உச்சியில காயுது. ஒரு நடை வந்து பாக்கணும்."

போனேன். உச்சிக் கிளைகள் மொட்டையாக நின்றன. இருக்கிற இலைகளும் சிறுத்துப்போய், ஓரம் கருகிக் கிடந்தன. குனிந்து கூழாங்கல்லை ஒதுக்கி விரலை விட்டேன். பட்டை கையோடு வந்தது. மழையில் ஊறிய சாக்கு நாற்றம். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பொக்லைன்காரர் கையால் காட்டிய உயரம் நினைவுக்கு வந்தது. கல்லைத் திரும்ப மூடிவிட்டு எழுந்தேன். சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமாம்மா? போன மாசம் தண்ணி சரியா வரலை. மரம் வாடுதேன்னு மனசு கேக்காம, வாஷிங் மெஷின் தண்ணியைப் பிடிச்சு ரெண்டு மூணு வாட்டி ஊத்துனேன். கடைசியா அலசுற தண்ணிதான். அதனால எதுவும் ஆயிருக்குமா?"

பாவம், பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மரம் அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சோப்புத் தண்ணியா? ம்... அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா."

சார் திரும்பினார். "சொன்னேம்லா? அன்னைக்கே சொன்னேம்லா, அதை ஊத்தாத, ஊத்தாதன்னு? கேட்டியா நீ?" உள்ளே போய்விட்டார். அம்மா அங்கேயே நின்றார். ஈரக் கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார், கை காய்ந்த பிறகும்.

நானும் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள்தான். பால் பொங்கினாலும், மோட்டார் எரிந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வையை வாங்கியிருக்கிறேன், ஆத்திரத்தில் தட்டை விட்டெறிந்தும் இருக்கிறேன். தெரிந்தேதான் அந்தப் பார்வையை அம்மா பக்கம் திருப்பி விட்டேன்.

மரம் முழுக்கப் பட்டுப்போனதும் வெட்ட வேண்டியதாயிற்று. வேரோடு தோண்டி எடுத்துவிடலாமா என்று சார் கேட்டார். தோண்டினால் புதைந்த மூன்றடியும் அழுகிய பட்டையும் பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும். "வேண்டாம் சார், தரை எல்லாம் பெயர்ந்துடும், வீட்டுக்கே ஆபத்து" என்றேன். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, அதன்மேல் வட்டமாக ஒரு கல் இருக்கை போட்டுக் கொடுத்தேன். இலவசமாகத்தான். "இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்று சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருக்கை பதித்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு மரம் என்று கேட்டார். "இவ சோப்புத் தண்ணி ஊத்தியே கொன்னுட்டா" என்றார் சார். வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். காப்பி ஆற்றிக்கொண்டே, ஜன்னலைப் பார்க்காமல் பேசினார். "வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லுதாரு. தொட்டிச் செடிக்குக்கூட என்னைத் தண்ணி ஊத்த விட மாட்டேங்காரு. முன்ன மாதிரி பேசுறதும் இல்லை. அவரைச் சொல்லி என்ன? ஆசையா வாங்குனாரு." டம்ளரை என் கையில் கொடுத்தார். "நீயும் எவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டுன. நான் பாழாக்கிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. விடுங்க" என்றேன்.

மன்னித்தேன். கேட்டீர்களா? நான் அவரை மன்னித்தேன். காப்பியையும் சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகு சார் பெயரோ அம்மா பெயரோ போனில் வந்தால் எடுக்க மாட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொள்வேன். கள்ளிக்குப்பம் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். ஆனால் அந்தப் போட்டோவை மட்டும் விடவில்லை. கிரானைட்டைப் பிளந்துகொண்டு போகும் மாமரம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். அதைப் பார்த்துத்தான் வேலை வந்தது.

இந்த வருஷம் பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். இருக்கிற மரங்களை வைத்துக்கொண்டு கட்டடம் வடிவமைப்பது எப்படி என்று தலைப்பு. எனக்கு! கிளை ஆட விட்ட இடைவெளி, நகர்த்திய தூண், கடப்பாரையால் தோண்டிய குழி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "இப்ப அந்த மரம் எப்படி மேடம் இருக்கு?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. ஆசையாகக் கேட்டாள், போய்ப் பார்க்கலாமா என்கிற மாதிரி.

"நல்லா இருக்கு" என்றேன்.

வெளியே வந்து வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன். சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளிக்குப்பம் போனேன். சாரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அடித்தாலும் சரி என்று போகிற வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

அம்மா கதவைத் திறந்தார். "வாம்மா" என்றார், அதே குரலில். உள்ளே நுழைந்ததும் கூடத்துச் சுவரில் சாரின் படம். மாலை போட்டு, கீழே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேர்த்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"நாலு மாசம் ஆச்சும்மா. நெஞ்சுவலி. ஒனக்கும் போன் போட்டேன், நீ எடுக்கலை. வேலையா இருந்திருப்ப."

உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தொடாமல் சொன்னேன். மண்ணைப் பற்றி, அழித்த படிகளைப் பற்றி, பொக்லைன்காரர் கேட்டதை, நான் கூழாங்கல்லை ஒதுக்கிப் பார்த்ததை, தெரிந்தேதான் சோப்புத் தண்ணி என்று சொன்னதை, தோண்ட வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதை. அழக்கூடாது என்று இருந்தேன். அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அப்படிப்பட்ட மனுஷி. எப்படியோ அழாமல் முடித்தேன்.

அம்மா நான் தொடாத தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார்: "அப்போ அந்தத் தண்ணியால இல்லையா?"

"இல்லம்மா."

"ரெண்டு மூணு வாட்டி ஊத்துனேனே."

"இருபது வாட்டி ஊத்தியிருந்தாலும் அதனால இல்லம்மா. என்னாலதான்."

அவர் எழுந்து உள்ளே போனார். அடிக்க எதையாவது எடுத்து வந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்து வந்தார்.

"எம் பொண்ணும் நான்தான் மரத்தைக் கொன்னேன்னு நினைச்சிட்டு இருக்கா. போன மாசம் அவ வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிச் செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு பக்கெட்டைத் தூக்குனேன். 'நீ விடும்மா, நான் ஊத்திக்கிடுதேன்'னு வாங்கி வச்சுட்டா" என்றார். கோபமே இல்லாத குரல். "அவகிட்ட நீயே சொல்லு."

நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, எனக்கும் அவருக்கும் நடுவில் டீப்பாய்மேல் வைத்தார். அந்தப் பெண்ணின் குரல் வந்தது. நான் யார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் இரண்டாம் தடவையாகச் சொன்னேன். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. "உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்லைங்க. மரத்தைக் கொன்னது நான்" என்று முடித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

அம்மா குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"தெரியாது" என்றேன்.